செல்வராஜ் படகின் உதறல்

போன வாரம் இந்தப் பத்திரிகைப் பத்திக்காக நான் எழுதிய கையெழுத்தைப் படித்து டைப் அடித்த புண்ணியவானிடம் முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அந்த எழுத்து அப்படிக் கோணிக்கொண்டு போனதற்கு வயசு காரணம் இல்லை சாமி! அதை நான் ஓடுகிற படகில் உட்கார்ந்து எழுதினேன்.

வால்பாறைக்கு மலை ஏறுவதற்கு முன்னால் ஒரு அணை வருமே... அங்கேதான். "காத்து வாங்கிக்கிட்டே எழுதுங்கக்கா" என்று என் தம்பி செல்வராஜ் ஏற்றி உட்கார வைத்தான். படகு வேகமெடுத்தது. அவ்வளவுதான்! பெஞ்சு உதறுகிறது, பலகை உதறுகிறது, என் கடைவாய்ப் பல் உதறுகிறது.

"என்னடா இது, மாவு மில்லுக்குள்ள உக்காந்த மாதிரி இருக்குது?"

"கொஞ்சம் வைப்ரேஷன் இருக்குதுங்கக்கா" என்றான். கொஞ்சமாம்!

விஷயம் விளையாட்டில்லை. தன் தென்னந்தோப்பில் பாதியை விற்று, கொச்சியில் செகண்ட் ஹேண்டாக அவன் வாங்கிய வெளிநாட்டுப் படகு அது. சுற்றுலா வருகிறவர்களை ஏற்றி அணையைச் சுற்றிக் காட்டிப் பிழைக்கலாம் என்று திட்டம். அதற்கு அதிகாரி வந்து, ஏறி ஓட்டிப் பார்த்து, கையெழுத்துப் போட வேண்டும். முதல் தடவை வந்தவர் பாதி வழியிலேயே திருப்பச் சொல்லிவிட்டார். "இதுல ஜனங்கள ஏத்துனா நான் பதில் சொல்லோணுங்க தம்பி." சனிக்கிழமை மறுபடி வருகிறேன், அப்போதும் இப்படியே இருந்தால் இந்த சீசனை மறந்துவிடு என்று சொல்லிவிட்டுப் போனார். நான் உதறல் பட்டது திங்கட்கிழமை.

இந்தப் படகில் இன்ஜின் உள்ளே பின்பக்கம் இருக்கிறது. வெளியே தண்ணீருக்குள் ஒரு கால் மாதிரி தொங்குகிறது. காலின் நுனியில் புரொப்பெல்லர். இந்த அமைப்புக்கு ஸ்டெர்ன்டிரைவ் என்று பேர். செல்வராஜ் இன்ஜினின் ரப்பர் பேடுகளை மாற்றிவிட்டான். இன்ஜினையும் காலையும் சேர்க்கும் ஜாயின்டை மாற்றிவிட்டான். பேரிங்கை மாற்றிவிட்டான். படகையே மாற்றாததுதான் பாக்கி.

எனக்கு மெக்கானிக் வேலை தெரியாது. ஆனால் கல்யாணமான நாளிலிருந்து, என் வீட்டுக்காரரின் பம்ப் கம்பெனியில், டெஸ்டிங் ஷெட்டை ஒட்டிய அறையில் உட்கார்ந்துதான் இந்தப் பத்தியை எழுதுகிறேன். பக்கத்து அறையில் பம்ப் நோக்காடு பட்டு முனகினால் எனக்கு வரி ஓடாது. அந்தக் காது இருக்கிறதே!

"நிறுத்து. கியர் போடாம இன்ஜினை மட்டும் ரேஸ் பண்ணு."

பண்ணினான். வெண்ணெய் மாதிரி ஓடியது. அப்படியென்றால் இன்ஜின் மேல் தப்பில்லை.

"கியர் போட்டு மெதுவாப் போ. இப்ப இடது பக்கம் ஒடி. இப்ப வலது பக்கம்."

திருப்பும்போது உதறல் கூடினால் ஜாயின்ட், பேரிங் சமாச்சாரம். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வேகத்தைக் கூட்டினால் மட்டும் உதறலும் கூடியது. அப்புறம் என்ன மிச்சம்? தண்ணீரைத் தள்ளுகிற சாமான்தானே?

"ஏன்டா, புரொப்பெல்லரைப் பாத்தியா?"

செல்வராஜ் மலையைப் பார்த்தான். "அது நல்லாத்தானுங்கக்கா இருக்குது..."

எனக்குச் சுருக்கென்றது. பழைய புரொப்பெல்லர் பாறையில் இடித்து ஒரு இறக்கை நுனி உடைந்துபோயிருந்தது. வெளிநாட்டிலிருந்து புதுசு வர மாசக்கணக்காகும் என்றார்கள். அப்போது, "மச்சினனுக்கு நானே வார்த்துத் தாரேன்" என்று சொல்லி, எங்கள் பவுண்டரியில் அலுமினியத்தில் வார்த்து, பளபளவென்று பாலிஷ் போட்டு, சந்தனம் குங்குமம் வைத்துக் கொடுத்தவர் யார்? என் வீட்டுக்காரர்!

அக்கா புருஷன் ஆசையாகக் கொடுத்த பொருளைக் குறை சொல்ல எங்கள் பக்கத்தில் எந்த மச்சினனுக்கு வாய் வரும்? வராது. தோப்பு போனாலும் வராது.

"பழசு வெச்சிருக்கியா?"

"இருக்குதுங்... அக்கா, வேண்டாமுங்கக்கா, மாமா கேட்டா மனசு சங்கடப்படுவாருங்க."

"உங்க மாமனுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். மாட்டுடா!"

மாட்டினான். உடைந்த பழசு, பாலிஷ் போட்ட புதுசைவிட அமைதியாக ஓடியது! இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். பிறந்த வீட்டுப் பிழைப்பு ஒரு பக்கம், புகுந்த வீட்டு கௌரவம் ஒரு பக்கம்...

பழசையும் கழற்றிப் பையில் போட்டு, புதுசை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் கோயமுத்தூர் வந்தேன்.

"ஏனுங்க, இதுதான் உதறுதுங்க" என்றேன். சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது.

அவர் முகம் சிவந்துவிட்டது. "என்ன பேச்சு பேசறே அம்மிணி? நானே நின்னு பேலன்ஸ் பாத்துக் குடுத்தது. எங்க சுத்தி உட்டாலும் அங்கியே நிக்கும். பேலன்ஸ் மெஷின் பொய் சொல்லுமா?"

சுற்றிக் காட்டினார். நின்றது. மறுபடி சுற்றினார். வேறொரு இடத்தில் நின்றது. ஒரு பக்கம் கனமாக இருந்தால் எப்போதும் அந்தப் பக்கமே கீழே வந்து நிற்கும்; எடை பிசகவே இல்லை.

"மெஷின் நெசந்தானுங்க சொல்லுது. பேலன்ஸ் எப்படிக் கொண்டாந்தீங்க?"

"பழசோட உடைஞ்ச இறக்கை நுனியைப் பட்டி பூசி அடைச்சுச் சரிபண்ணித்தான் அச்சு எடுத்தோம். அந்த இறக்கை கொஞ்சம் கனமா வந்துச்சு. கிரைண்டிங் புடிச்சுக் கொறச்சோம். பம்புக்குப் பண்றதுதானே?"

எனக்குப் பொறி தட்டியது. ஷெட்டில் மட்டமான இரும்பு மேஜை இருக்கிறது. புரொப்பெல்லரைப் படுக்க வைத்தேன். மூன்று இறக்கைகளிலும் நடுவிலிருந்து ஒரே தூரத்தில் சாக்பீஸ் கோடு. சமையல்கட்டிலிருந்து ஒரு தீப்பெட்டி. தீப்பெட்டியை நிமிர்த்தி நிறுத்தி ஒவ்வொரு கோட்டுக்கும் அடியில் தள்ளினேன். முதல் இறக்கையை உரசிக்கொண்டு போனது. இரண்டாவதையும் அப்படியே. மூன்றாவதில், தீப்பெட்டிக்கு மேலே என் சுண்டுவிரலும் நுழைந்தது!

"பம்புல இறக்கைங்க ரெண்டு தட்டுக்கு நடுவுல மூடிக் கெடக்குது. வெளிய தட்டுலதான் கிரைண்டிங் புடிப்பீங்க. தண்ணிக்கு அது தெரியாது. இதுல இறக்கையையே தேச்சுப்போட்டீங்க. எடை ஒண்ணாயிருச்சு, வளைவு போயிருச்சு. ரெண்டு இறக்கை ஒரு மாதிரி தள்ளுது, மூணாவது வேற மாதிரி தள்ளுது."

அவர் மெதுவாகக் கையை நீட்டினார்.

"அந்தத் தீப்பெட்டிய இப்படிக் குடு."

கோபத்தில் நசுக்கி எறியப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவரே ஒருதரம் தள்ளிப் பார்த்தார். சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார். பிறகு கடகடவென்று சிரித்தாரே பார்க்கணும்! "அட, ஊரு பூரா பம்பு ஓட்டறவனைப் படகு ஏமாத்திப்போடுச்சே!" அந்தச் சிரிப்பைக் கேட்டதும் எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

அன்றைக்கே பழசின் நல்ல இறக்கை ஒன்றை மட்டும் அச்சு எடுத்து, அதையே மூன்று முறை வைத்து, புதுசாக வார்த்தார். தீப்பெட்டி மூன்றிலும் ஒரே மாதிரி உரசிய பிறகுதான் பேலன்ஸ். அதுவும் இறக்கைகள் ஒட்டியிருக்கும் நடுக்குழாயில் மட்டும் தேய்த்து. வெள்ளிக்கிழமை அவரே அணைக்கு வந்து, பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி மாட்டினார்.

"நீ ஏன்டா மாப்ளே மொதல்லயே சொல்லல?"

"எப்படிங்க மாமா சொல்றது?" என்றான் செல்வராஜ்.

சனிக்கிழமை அதிகாரி ஏறினார்; நானும் வீட்டுக்காரரும் கூடவே ஏறிக்கொண்டோம். எதற்கும் இருக்கட்டும் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டார். முழு வேகம். தண்ணீர் இரண்டாகப் பிளந்து ஓடுகிறது, படகு கோயில் தேர் நிலைக்கு வந்த மாதிரி அசங்காமல் போகிறது! கம்பியை விட்டார். பேனாவை எடுத்தார். நடு அணையில், ஓடுகிற படகில், முழங்கால் மேல் பேப்பரை வைத்துக் கையெழுத்துப் போட்டார். கோடு போட்ட மாதிரி நேராக வந்தது. செல்வராஜ் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு மாமன் காலில் விழப் போக, "படகைப் புடிடா!" என்று நாங்கள் மூன்று பேரும் கத்தினோம்.

யோசித்துப் பாருங்கள். நம் வீடுகளிலும் இப்படித்தானே? மனசு கோணக்கூடாது என்று பேடை மாற்றுகிறோம், பேரிங்கை மாற்றுகிறோம்... கை வைக்க வேண்டிய இடத்தை மட்டும் சந்தனம் வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறோம்!

இந்த வாரப் பத்தியையும் அதே படகில் உட்கார்ந்துதான் எழுதினேன். இதுவும் புரியவில்லை என்றால் டைப் அடிப்பவர் இனிமேல் தாராளமாக என்னைத் திட்டலாம் – படகு மேல் தப்பே இல்லை!