முருகன் கலண்டருக்குப் பின்னால்

கோபன்ஹேகனில் நாங்கள் முதலில் இருந்த அடுக்குமாடி வீட்டில் எரிவாயு அடுப்புத்தான். மிளகாய் வறுத்தாலும் கருவாடு பொரித்தாலும், குசினிச் சுவரிலிருந்த காற்றுத் துவாரத்தால் மணம் மேல்வீட்டுக்கு ஏறிவிடும். அங்கிருந்த டெனிஷ் பெண்மணி முகம் சுளிப்பாரே என்ற வெட்கத்தில், துவாரத்தைப் பிளாஸ்டிக் தாளால் மூடி ஒட்டி, மேலே முருகன் கலண்டரைத் தொங்கவிட்டேன்.

"அதை அடைக்கக் கூடாதெண்டு கட்டட நிர்வாகத்திட்டையிருந்து கடிதம் வந்து கிடக்கு" என்றார் கணவர்.

"ஓம், பிறகு எடுக்கிறன்" என்றேன். எடுக்கவில்லை.

எரிவாயுக் குழாய் பரிசோதிக்க வந்தவரின் கருவி அடுப்புக்குப் பின்னால் கத்தியது. குழாய் மூட்டில் சிறு வாயுக் கசிவு. அவர் கலண்டரைத் தூக்கிப் பார்த்தார்.

"வாயு வெளியே போக நீங்கள் வழியே வைக்கவில்லை" என்றார் மெதுவாக. பக்கத்தில் மகள் பள்ளிக்கூடப் பையோடு நின்றாள்.

அவர் தாளை உரித்துக்கொண்டிருக்கையில், திறந்திருந்த வாசலில் மேல்வீட்டுப் பெண்மணி வந்து நின்றார்.

"இங்கேதான் இருக்கிறீர்களா? மணம் நின்றதும் வீடு மாறிவிட்டீர்கள் என்று நினைத்தேன்" என்றார். முகம் சுளிக்கவில்லை.

இப்போது பிராண்டே என்ற சிற்றூரில் தனிவீடு, மின்னடுப்பு. மிளகாய் வறுக்கும்போது யன்னலை அகலத் திறக்கிறேன். மணம் போய்ச் சேர மேல்வீடுதான் இல்லை.