பெருந்துறையில் விழுந்த ஒரு வரி

“ஆடி பதினெட்டு. காலை 10.20, பெருந்துறை: நிரல் நின்றது. 10.24: ஆர்.எஸ்.புரத்திலிருந்து திருத்தம் வந்தது.” என் டைரியில் அன்றைக்கு இவ்வளவுதான் இருக்கிறது. அந்த நான்கு நிமிடங்களை விட்டு என்னால் நகர முடியவில்லை.

பெருந்துறைச் சாய ஆலை ஒன்றுக்கு மென்பொருள் செய்துகொண்டிருந்தோம். இயந்திரங்கள் அனுப்பும் அளவுகளை வாங்கிவைக்க அரே வேண்டும். அரே என்றால் ஒரே வகைப் பொருளை மட்டும் கொள்ளும் பெட்டிகளின் வரிசை. எந்த வகை என்பதை வழக்கமாக எழுதும்போதே சொல்லிவிடுவோம். இங்கே இயந்திரத்துக்கு இயந்திரம் வகை மாறக்கூடும். அதனால் நிரல் ஓடும்போதே வகையின் பெயரைக் கோப்பில் படித்து, ரிஃப்ளெக்‌ஷன் என்ற உத்தியின் வழியாக அதற்கேற்ற அரேயை உருவாக்கிக்கொள்ளும்படி எழுதினேன். இது நன்றாக முடிந்தால் டீம் லீட் பதவி எனக்கு என்று மேலாளர் சொல்லியிருந்தார்.

இந்த முறையில் வகை பொருந்தாவிட்டால் எழுதும்போது எச்சரிக்கை வராது. ஓடும்போதுதான் நிரல் விழும், பாதியில் நின்றுபோகும். ஆலைக்கு அனுப்புமுன் நிரலைப் படித்துப் பார்க்க வேண்டியவர் பக்கத்து இருக்கை நண்பர், ஆறு வருடம் என்னோடு மதியச் சாப்பாட்டைப் பங்கு போட்டவர். “அருமையா இருக்குங்ண்ணா, அனுப்பிப்போடலாமுங்க” என்றார்.

பழைய இயந்திரங்களில்தான் சோதித்திருந்தோம். அவை அனுப்பியதெல்லாம் தசம எண்கள். ஆடி பதினெட்டு அன்று நிரலை ஓட்டிக்காட்ட ஆலைக்குப் போனேன். முதலாளி, “ஏனுங்க, நல்ல நாளும் அதுவுமா பழசையா ஓட்டறது?” என்று, குங்குமம் வைத்த புது இயந்திரத்தை இணைக்கச் சொன்னார். அது அனுப்பியது முழு எண்கள். அரே சரியாக முழு எண்ணுக்கே உருவானது. அடுத்த வரியில் நான் அதைத் தசம எண் அரே என்று எடுத்துக்கொண்டிருந்தேன். சூடம் அணையும் முன்னே நிரல் நின்றது.

“பூசையன்னைக்கே இப்படி ஆகிப்போச்சுங்களே தம்பி” என்றார் முதலாளி. திட்டியிருந்தால் தேவலை.

ஆர்.எஸ்.புரம் அலுவலகத்துக்குப் போன் செய்து பிழைச் செய்தியைப் படித்தேன். நண்பரின் திருத்தம் வந்தது. ஓடியது. அடுத்த மாதம் டீம் லீட் ஆனது அவர்.

“ஏனுங் தம்பி, படிச்சப்பவே தெரியுமுங்களா?” என்று ஒருநாள் கேட்டேன்.

“தெரிஞ்சா சொல்லாம இருப்பனுங்ளாண்ணா? நீங்க போன்ல சொன்னப்பறந்தான் பாத்தனுங்க.”

டீ வாங்கிக் கொடுத்தார். குடித்தேன்.

நான்கு நிமிடத்தில் வந்த அந்தத் திருத்தம் நாற்பது வரி. எல்லா எண் வகைகளுக்கும் பொருந்தும்படி, விளக்கக் குறிப்போடு, ஓர் எழுத்துப் பிழைகூட இல்லாமல். அது வந்துசேர்ந்த நேரம் பதிவில் இருக்கிறது. எழுதிய நேரம் அவருடைய கணினியில் மட்டும் இருந்தது; அந்தக் கணினியையும் மாற்றி வேறு கொடுத்துவிட்டார்கள். முன்பே எழுதி வைத்திருந்தாரா என்பது இதுவரை உறுதி செய்யப்படவில்லை.