அவளிடம் கேட்காத கேள்வி

மார்புக் கட்டியை ஆபரேஷனில் எடுத்த பிறகும் புற்றுநோய் என் மனைவியின் எலும்புக்குப் பரவிவிட்டது. சொன்னால் தாங்கமாட்டாள் என்று எங்கள் ஊர் கள்ளிக்குப்பத்தில் சொந்தக்காரர்கள் சொன்னதால் அவளிடம் மறைத்தேன்.

ஆஸ்பத்திரியில், மருத்துவத்தோடு ஆராய்ச்சியும் சேர்த்துப் படிக்கும் இளம் பெண் டாக்டர் ஒருவர், சோதனைக்காக அவளிடமிருந்து எடுத்த சதையில் கொஞ்சம் தன் ஆராய்ச்சிக்கு வேண்டுமென்று என்னிடம் கேட்டார். அதிர்ந்து பேசாத நான் வார்டு வாசலில் கத்தினேன். “என் பொண்டாட்டி இன்னா எலியா?”

“நாங்க கட்டிய எடுத்து வீட்டுக்கு அனுப்பினவங்களே எலும்பு வலியோட திரும்பி வர்றாங்கண்ணா. ஏன் பரவுதுன்னு தெரியாமத்தான் ஆராய்ச்சிக்கு வந்தேன். அக்கா சம்மதிச்சாதான் எடுப்பேன்.”

“அவளுக்கு எதுவும் தெரியாது!”

கட்டிலிலிருந்து அவள் குரல் வந்தது. “பரவினது தெரியும்யா. ஒடம்பு என்னுது, எங்கிட்ட கேட்டியா? டாக்டரம்மா, எங்கெங்க பரவிக்கீதுன்னு சொல்லு. அப்பால கையெழுத்து போடறேன்.”

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு எல்லாம் சொன்னார். அத்தனை நாளும் அவளைத் தனியாகப் பயப்பட விட்டவன் நான்தான். என் மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.