மாலை போட்ட கம்பம்

எல்கடுவைத் தேயிலைத் தோட்டத்தில், எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் கம்பி இல்லாத மின்கம்பம் ஒன்று நிற்கிறது. தொண்ணூறுகளின் கடைசியில், மாகாணத் தேர்தலுக்குச் சற்று முன் லொறியில் கொண்டுவந்து நட்டது.

அதற்கு முன்பே, ஓடைத் தண்ணீரில் மின்சாரம் எடுக்க என் அத்தை லயத்துச் சனங்களைத் திரட்டியிருந்தார். மண்ணெண்ணெய்க் குப்பி லாம்பு கவிழ்ந்து அவருடைய மகளின் கை தோள்வரை வெந்துபோயிருந்தது. "இன்னொரு புள்ளைக்கு இப்படி ஆகக் கூடாதுங்க" என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொல்வார். ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லோரும் கல் சுமந்து அணை கட்டினார்கள். குழாயும் டைனமோவும் தருவதாக மாகாணக் குழு ஒப்புக்கொண்டிருந்தது. அரசாங்கத்தின் பெரிய மின்சார லைன் வராத இடங்களுக்கு மட்டுமே அந்த உதவி என்பதை யாரும் அத்தையிடம் சொல்லியிருக்கவில்லை.

புதிதாக எது வந்தாலும் பொட்டு வைப்பது எங்கள் தோட்டத்து வழக்கம். அத்தை கம்பத்துக்கும் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, செவ்வந்தி மாலை போட்டார். கட்டுப் போட்ட கையோடு மகள் தட்டை ஏந்தி நின்றாள். லொறியோடு வந்த அதிகாரி சிரித்துக்கொண்டே படம் எடுத்தார்.

நான் அப்போது மாத்தளை டவுனில் மொழிபெயர்ப்பாளன். குழுக் கூட்டத்தில் சிங்களத்தில் பேசுவதை அத்தைக்குத் தமிழில் சொல்ல என்னைத்தான் உட்கார வைத்தார்கள். புகையில்லாத மின்சாரம், வருங்காலச் சந்ததி என்று தலைவர் வெகுநேரம் முழங்கினார். பிறகு அந்தப் படத்தை மேசையில் போட்டார். சனங்களே மாலை போட்டு வரவேற்ற பிறகு ஓடை மின்சாரம் எதற்கு என்று கேட்டார். அத்தை படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுல எம் மக கையைப் பாக்கச் சொல்லுங்க தம்பி" என்றார்.

சொன்னேன். அதற்குள் தேநீர் வந்துவிட்டது. ஒருவரும் படத்தின் பக்கம் திரும்பவில்லை. பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்துத் தின்ற அந்த வாய்களை என்னால் மறக்க முடியவில்லை.

தேர்தல் முடிந்தது, கம்பியும் வரவில்லை, குழாயும் டைனமோவும் வரவில்லை. பக்கத்து லயத்தில் இன்னொரு பிள்ளை வெந்தது. அது பிழைக்கவில்லை. பல வருடம் கழித்து வேறு வழியாக, வேறு கம்பங்களில்தான் மின்சாரம் வந்தது.

போன மாதம் போயிருந்தேன். அத்தை இப்போது இல்லை. அவர் மகள் அந்தப் பழைய கம்பத்தில் கயிறு கட்டித் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கையை உயர்த்தியபோது தழும்பு தோள்வரை தெரிந்தது.

"கரண்ட் வந்த அன்னைக்கு எல்லாரும் கூப்பிட்டாங்க மச்சான். அம்மா பொட்டு வைக்க வரவே இல்ல" என்றாள்.