காலி என்று எழுதியிருந்த துளைகள்

பிள்ளைகளே, அப்பா கல்லூரியில் என்ன வேலை பார்க்கிறேன் என்று நீங்கள் பலமுறை கேட்டிருக்கிறீர்கள். பத்தாம் வகுப்போடு நின்றவனுக்குக் கிடைத்த நல்ல வேலை அது. ஒருநாள் அது கையைவிட்டுப் போக இருந்தது. அன்று எனக்காகப் பேசிய ஒருவரைப் பற்றி எழுதி வைக்கிறேன்.

எங்கள் வளாகத்தில் பத்துப் பன்னிரண்டு கட்டடங்கள். மாடிக்கு ஒரு இரும்புப் பெட்டி, அதற்குள் சுவிட்ச். விளக்குப் போடுகிற சுவிட்ச் இல்லை. வரிசையாகத் துளைகள் உள்ள கருவி. ஒவ்வொரு துளையிலும் ஒரு கம்ப்யூட்டரின் கேபிள் செருகியிருக்கும். நம் ஊர் உப்புக்காற்றில் துளைக்குள் இருக்கிற கம்பிகள் பச்சை பூத்துவிடும். உடனே கேபிளைப் பிடுங்கிப் பக்கத்துத் துளையில் செருகிவிடுவேன். நெட் வந்துவிடும். எதை எங்கே மாற்றினேன் என்பது என் மண்டையில் இருக்கும்; நோட்டில் ஏறாது.

போன வருஷம் ஒரு பெண் இன்ஜினியர் சேர்ந்தார். பக்கத்து ஊரான பூவத்திலிருந்து தினமும் ஸ்கூட்டியில் வருவார். ஒவ்வொரு சுவிட்சாகத் திறந்து மாற்றுவதை விட்டு, எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் கட்டளை அனுப்பும் புரோகிராம் எழுதினார். அது ஓட ஆரம்பித்தால் எனக்கு அடுத்த ஒப்பந்தம் எதற்கு என்று அலுவலக அதிகாரி என் முகத்துக்கு நேராகவே கேட்டிருந்தார். எந்தத் துளையில் எது இருக்கிறது என்ற பட்டியல் புரோகிராமுக்கு வேண்டும் என்று அந்தப் பெண் கேட்டதும் என் பழைய நோட்டைக் கொடுத்தேன்.

முதல் வேலை, காலியாகக் கிடக்கும் துளைகளைப் பாதுகாப்புக்காக மூடுவது. காலை பத்தரைக்குப் புரோகிராமை ஓட்டினார். ஐந்து நிமிஷத்தில் நூலகத்தில் நெட் போச்சு, தேர்வுப் பிரிவிலும் போச்சு. நோட்டில் ‘காலி’ என்று இருந்தவை நான் கேபிளை மாற்றிச் செருகியிருந்த துளைகள். எனக்கு மட்டும் அது புரிந்துவிட்டது.

அதிகாரி ஓடி வந்தார். “அண்ணன் கையால பாத்தப்ப ஒருநாள் இப்படி ஆயிருக்கா? இந்தப் புரோகிராமே வேணாம்மா, நிறுத்துங்க!”

நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், வேலை நிலைத்துவிடும். உண்மையைச் சொல்கிறேன், கொஞ்ச நேரம் சும்மாதான் நின்றேன். அந்தப் பெண் முகம் சுண்டிப்போய் கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை.

“சார், தப்பு என்னுது. பச்சை பூத்தா வேற துளையில மாத்திச் சொருவிட்டேன். நோட்டுல எழுதல.”

அந்தப் பெண் நிமிர்ந்தார். “எத்தனை எடத்துலண்ணே?”

“எல்லாக் கட்டடத்துலயும்மா.”

“சரியாப் போச்சு!” சிரித்துவிட்டார். பழைய நிலைக்குத் திருப்பும் கட்டளையை முன்பே எழுதி வைத்திருந்தார். தட்டினார், எல்லாம் திரும்ப வந்தது. பிறகு அதிகாரியிடம் சொன்னார்: “மூடுறதுக்கு முன்னாடி எந்தத் துளை ஓடுதுன்னு சுவிட்சையே கேட்டிருக்கணும் சார். அது நான் விட்டது. பட்டியல் சரியா இருந்தாத்தான் இந்தப் புரோகிராம். அதைச் சரியா வச்சுக்க அண்ணன் வேணும்.”

நாலு நாள் பெட்டி பெட்டியாக நடந்தோம். நான் கேபிளை இழுத்துப் பார்த்துச் சொல்ல, அவர் லேப்டாப்பில் ஏற்றினார்.

“இது எங்கண்ணே போவுது?”

“முதல்வர் ரூம் பிரிண்டரும்மா.”

“உங்க நோட்டு கேன்டீன் கேமராங்குதே!”

ஐந்தாம் நாள் மறுபடி ஓட்டினார். ஒரு போன்கூட வரவில்லை. இப்போது கேபிளை மாற்றினால், அங்கேயே போனில் பதிந்துவிட்டுத்தான் பெட்டியை மூடுகிறேன்.

அந்த மாதமே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்து அவரிடம் நன்றி சொல்லத்தான் நின்றேன். “டீ சாப்பிடுறீங்களாம்மா?” என்று மட்டும் கேட்டேன்.

“வாங்கிக் குடுங்கண்ணே, சக்கரை கம்மியா” என்றார்.