அண்ணன் வண்டியைவிட உயரமாக

நானும் பெரியப்பா மகனான என் அண்ணனும் ஆளுக்கொரு பிக்கப் வண்டி வைத்துக் காங்கேயம் எண்ணெய் மில்களுக்குத் தேங்காய் ஏற்றுகிறோம். ஒருநாள் அண்ணன் வண்டி பின்பக்கம் தூக்கலாக நின்றது. பின் அச்சின்மேல் அடுக்கும் ஸ்பிரிங் பட்டைகள் புதிதாகச் சேர்த்திருந்தார். வாய்க்கால் மேட்டில் என் வண்டி அடி தட்டித் திணற, அவர் வண்டி அலுங்காமல் ஏறிப் போனது. "அவிய வண்டி என்னமா நிக்குதுங்க" என்று என் மனைவியே சொன்னதும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

பட்டை சேர்க்க வசதி இல்லை. அச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே இரும்புக் கட்டை வைத்தால் மலிவாக முடியும் என்றார்கள் உக்கடத்துப் பட்டறையில். ஒன்று போதும் என்றவர்களிடம், ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு வைக்கச் சொன்னேன். அண்ணன் வண்டியைவிட உயரமாக நிற்க வேண்டும், அவ்வளவுதான் எனக்கு.

மறுநாள் முழு பாரத்தோடு வளைவில் திரும்பியபோது கட்டைகள் நழுவின. பின் அச்சு விலகி, வண்டி சாய்ந்து, சாலையோர மண்மேட்டில் முட்டி நின்றது. மேட்டுக்கு அந்தப்பக்கம் கிணறு.

பின்னால் வந்த அண்ணன்தான் கயிறு கட்டி இழுத்துவிட்டார். "ஏங் கண்ணு, எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமல்லோ? நான் ஒசரத்துக்கா போட்டேன்? பழைய பட்டை ஒடஞ்சுபோச்சு, பாரந் தாங்கட்டும்னு போட்டேன்" என்றார். அவர் கனிவாகப் பேசியதுதான் இன்னும் எரிந்தது.

கட்டைகளைக் கழற்றிவிட்டேன். இப்போது வண்டியில் எதை மாற்றினாலும், பாரம் ஏற்றி ஊருக்குள் மெதுவாக ஓட்டிப் பார்த்த பிறகே வெளியே எடுக்கிறேன். மில்லில் அண்ணன் வண்டி நின்றால், என் வண்டியை மறுகோடியில் போய் நிறுத்துகிறேன்.