ஏழு கூழாங்கல், ஏழு தேயிலைக் கொட்டை

1958 பெப்ரவரி 16, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணி இருபது நிமிடம். வானத்தில் ஒரு மேகமும் இல்லை. புல்லில் உறைந்திருந்த பனி செருப்புக்கடியில் நொறுங்கியது. பொகவந்தலாவைக்கு மேலே, எங்கள் தோட்டத்து ஊற்றருகே, ஒரு பை நிறையக் கூழாங்கல்லும் தேயிலைக் கொட்டையுமாக நான் நின்றுகொண்டிருந்தேன்.

எங்கள் லயத்து வரிசைவீடுகளுக்குத் தண்ணீர் தந்த பீலி தை மாதத்திலேயே வற்றிவிட்டது. பன்னிரண்டு குடும்பமும் கீழே ஆற்றுக்கு இறங்கித்தான் தண்ணீர் சுமந்தார்கள். என் மனைவி எட்டு மாத வயிற்றோடு குடத்தைத் தூக்கிக்கொண்டு ஏறி வருவதை நான் தொழிற்சாலைக் கந்தோரில் கணக்கெழுதும் இடத்து ஜன்னலிலிருந்து பார்ப்பேன். எத்தனை தடவை நின்று மூச்சு வாங்குகிறாள் என்று எண்ணுவேன். எண்ணுவதைத் தவிர வேறொன்றும் செய்ய முடியாத இளைய கிளாக்கர் நான்.

தோட்டத்துத் துரை பழைய குழாய்களைத் தரச் சம்மதித்தார். சனிக்கிழமை மாலை, வேலைகளை மேற்பார்க்கும் கண்டாக்கு வந்து அதைச் சொன்னார். கூடவே நிபந்தனையையும் சொன்னார்.

"தம்பி, ஊத்துத் தண்ணி லயத்துக்கு வரும்னு நீங்க உறுதி சொன்னா திங்கக்கெழம குழாய்க்குக் குழி வெட்ட ஆள் போடுறேன். வராட்டி வெட்டுக்கூலி ஒங்க சம்பளத்துல. நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள சொல்லணும். இல்லேன்னா குழாய் அடுத்த டிவிசனுக்குப் போயிரும்."

ஊற்று உயரத்தில் இருப்பதாகத்தான் கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் மலையில் கண்ணை நம்பக் கூடாது. இடையில் நிலம் இரண்டு இடத்தில் மேலெழுந்து மறுபடி தாழ்கிறது. இரவு முழுவதும் நான் தூங்கவில்லை.

என் மனைவியின் அண்ணன் கான் வெட்டுகிறவர். மழைநீர் ஓடும் கான் எப்படிச் சரிய வேண்டும் என்பது அவருக்குப் பழக்கம். பத்தடிப் பலகையும் ரசமட்டமும் கொண்டுவந்தார். பலகையின் மறுமுனையைப் பிடிக்க அவர் மனைவி வந்தார். தொழிற்சாலைக்குக் கொழுந்து சுமந்து போகும் பாதையை ஒட்டியே போவது என்று முடிவு. அவர்கள் முன்னால் அளந்து கத்துவார்கள்; நான் பின்னால் முளைக்குச்சி அடித்துக்கொண்டு வருவேன். இடுப்புயரத் தேயிலைக்குள் அவர்கள் தலை மட்டுந்தான் எனக்குத் தெரியும். ஓரடி ஏற்றத்துக்கு ஒரு கூழாங்கல் வலது சட்டைப்பையில். ஓரடி இறக்கத்துக்கு ஒரு கொட்டை இடது பையில். ஊற்றுத்தான் பூச்சியம்.

"எறக்கம் ஆறு!" என்றார் மச்சான். பிறகு ஏத்தம் இரண்டு. எறக்கம் ஐந்து. ஏத்தம் மூன்று. கடைசியாக, லயத்து வாசலில், எறக்கம் ஒன்று.

வாசலில் உட்கார்ந்து ஒரு கல்லையும் ஒரு கொட்டையையும் சோடி சேர்த்து வீசினேன். ஒன்று மற்றதை அழித்துவிடும். ஐந்து சோடி போக, ஏழு கொட்டை மிஞ்சியது. மறை ஏழு. லயம் ஊற்றுக்கு ஏழடி கீழே. தண்ணீர் வரும்.

மச்சான் பீடி பற்றவைத்தார். எனக்கு மனம் ஆறவில்லை. "திரும்பவும் அளந்துக்கிட்டே ஊத்துக்குப் போவோம் மச்சான். கணக்கு சரின்னா ஏழு கல்லு மிஞ்சணும்."

"மாப்ளைக்குக் கல்யாணத்தன்னைக்கே தாலி முடிச்ச மூணு தடவ எண்ணிப் பாக்கணும்னு இருந்திச்சு," என்றார் அவர் மனைவி.

திரும்ப அளந்தோம். ஊற்றருகே சோடி சேர்த்தபோது மறுபடியும் ஏழு கொட்டைதான் மிஞ்சியது. காலையில் மிஞ்சிய ஏழோடு பதினான்கு. ஊற்றிலிருந்து கிளம்பி ஊற்றுக்கே வந்த மனிதன் பதினான்கு அடி பள்ளத்தில் நிற்கிறான்! பதினான்கு அடி பிழை என்றால் காலையில் வந்த ஏழடிக்கு என்ன மதிப்பு? மணி இரண்டு. மச்சான் பக்கம் திரும்பினேன்.

"பலகையச் சரியாப் புடிச்சீங்களா? இல்ல வாய்க்கு வந்ததச் சொன்னீங்களா?"

மச்சானுக்கு முகம் கறுத்தது. "இருபது வருசமா கான் வெட்டுறேன். ஒரு சொட்டுத் தண்ணி எனக்குப் பொய் சொன்னதில்ல. வாங்க, கூடவே நின்னு பாருங்க."

ஊற்றுக்கு வரும் கடைசித் துண்டை மறுபடி அளந்தார்கள். இந்த முறை நான் பக்கத்திலேயே நடந்தேன். மச்சான் மூச்சிரைக்க ஏறினார். மேலே நின்று, "எறக்கம் ஆறு" என்றார்.

"மச்சான், இப்பத்தான் ஏறி வந்தீங்க. மூச்சு வாங்குது. இது எறக்கமா?"

"எறக்கந்தான். என்னைக்கும் எறக்கந்தான்."

"கொழுந்துக் கூடையோட தொழிற்சாலைக்குப் போறப்ப எறங்குனா அது எறக்கம்," என்றார் அவர் மனைவி. "வெறுங்கூடையோட திரும்புறப்ப மலை மாறிப்போகுமா? நீங்க ஒருநாளு தூக்கிப் பாருங்க, தெரியும்."

தோட்டத்தில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். சுமையோடு போகும் திசைதான் கணக்கு. அந்தத் திசையில் ஏறினால் ஏற்றம், திரும்பும்போதும் அதே பேர். பாதையோரம் பிறந்து வளர்ந்த எனக்கும் அது தெரியும். ஆனால் கல்லும் கொட்டையும் கையிலிருந்ததால் தோன்றவில்லை. காலையில் நாங்கள் போனது சுமைத் திசை. அதனால் பிழை வரவில்லை. திரும்பிய வழியில் ஒவ்வொன்றையும் அதன் எதிராக மாற்றியிருக்க வேண்டும்.

மாற்றினேன். கொட்டை பன்னிரண்டுக்கும் கல் பன்னிரண்டு. கல் ஐந்துக்கும் கொட்டை ஐந்து. சோடி சேர்க்க, ஏழு கல் மிஞ்சியது. காலையில் மிஞ்சிய ஏழு கொட்டையோடு அவற்றை ஒவ்வொன்றாகச் சேர்த்து வீசினேன். கை காலியானது. நேர் ஏழும் மறை ஏழும் சேர்ந்தால் பூச்சியம் என்று ஹட்டன் பள்ளிக்கூடத்தில் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். ஒன்றுமில்லாததற்கும் கீழே என்ன இருக்க முடியும் என்று அப்போதெல்லாம் புரியாது. இப்போது அந்தக் காலிக் கையைப் பார்த்துக்கொண்டு பனிப்புல் காய்ந்த இடத்தில் உட்கார்ந்து சிரித்தேன். மச்சான் மட்டும் சிரிக்கவில்லை.

நாலரைக்குக் கண்டாக்கிடம் உறுதி சொன்னேன்.

அடுத்த சனிக்கிழமை பகல் குழாய் முதலில் காற்றாக உறுமியது. பிறகு துருத் தண்ணீர். பிறகு தெளிந்த தண்ணீர். என் மனைவி குடத்தை வைத்துவிட்டு, நிரம்பும் வரை படியில் உட்கார்ந்திருந்தாள். அவள் உட்கார்ந்து தண்ணீர் பிடித்ததை அன்றுதான் பார்த்தேன்.

முதல் தண்ணீருக்கு முனியாண்டிக்குச் சேவல் அறுக்க வேண்டும் என்றார்கள். "என்னயப் பொய்க்காரன்னு சொன்ன ஆளு வாங்கட்டும்," என்றார் மச்சான். பசாருக்குப் போனேன். வெட்டுக்கூலி என் சம்பளத்தில் ஒரு சதமும் பிடிக்கப்படவில்லை. சேவல் மூன்று ரூபா ஐம்பது. தேங்காயும் சூடமும் முப்பத்தைந்து சதம். ஆக மொத்தம் மூன்று ரூபா எண்பத்தைந்து சதம்.